பழைய ஓடையின் கோடு

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில், நில அளவை அலுவலகம் ஒன்றில் படம் வரைபவனாக இருந்தேன். நிலம் பாகப்பிரிவினையில் உடைந்தாலும் ஓடை தடம் மாறினாலும் படத்தில் பழைய கோட்டை அழிக்கக் கூடாது. அதன் மேல் சிவப்பு மையில் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள் போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, புதுக் கோடு வரைய வேண்டும். நிலம் முன்பு எப்படி இருந்தது, எப்போது மாறியது என்பதெல்லாம் ஒரே தாளில் தெரியும்.

தாடிக்கொம்புச் சாலையோரப் புலம் ஒன்றின் படம் மடிப்பில் கிழிந்துபோனது. புதுப் பிரதி எடுக்கச் சொன்னார்கள். குறிகளும் தேதிகளும் நெருங்கி, தாள் அலங்கோலமாகக் கிடந்தது. எனக்கோ சுத்தமாக வரைகிறவன் என்ற கர்வம். தூர்ந்துபோன பழைய ஓடையை விட்டுவிட்டு, அன்றைக்கு இருந்ததை மட்டும் வரைந்தேன். கிழிந்த தாள் கழிவோடு போனது. மேலதிகாரி பாராட்டினார்.

சில வருடம் கழித்து, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர் அங்கே மனை வாங்குவதற்கு முன் படம் பார்க்க வந்தார். தண்ணீர் வரும் இடமா என்று கேட்டார். படத்தைக் காட்டி, இல்லை என்றேன்.

“வந்தாலும் நல்லதுதான் சார். எங்க வீட்டுல குடத்தத் தூக்கிட்டு அலைய வேணாம்” என்று சிரித்தார்.

அஸ்திவாரம் தோண்டிய சமயம், சைக்கிளில் போன என்னை நிறுத்திக் குழியைக் காட்டினார். செம்மண்ணுக்குக் கீழே வெள்ளை மணல். நடுவே உருண்டு தேய்ந்த கற்கள்.

“மணலு வெலைக்கு வாங்க வேணாம் பாருங்க. அல்லா குடுத்தது.”

அது ஓடையின் படுகை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் படத்தில் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். நன்றாகக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன்பின் மழைக்காலம் வந்தாலே, ஓடை இறங்கி வரும் சிறுமலைப் பக்கம் பார்க்க மாட்டேன்.

அறுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில் மலை கறுத்தே கிடந்தது. ஓடை தன் பழைய தடத்துக்குத் திரும்பியது. அவர் பிள்ளைகளைக் கூரைமேல் ஏற்றிவிட்டார். மனைவிக்குக் கை கொடுக்குமுன் சுவர் அவள் மேல் விழுந்தது.

வெள்ள நிவாரண விசாரணைக்குப் படம் கேட்டார்கள். அனுப்புவதற்கு முன், விட்டுப்போன ஓடையை வரைந்து, சிவப்புக் குறிகள் போட்டு, பழைய தேதியையும் எழுதினேன். யாரும் சந்தேகப்படவில்லை. ஓடை இருந்த இடம் என்று தெரிந்தே கட்டிய வீடு, உதவி கிடையாது என்று உத்தரவு வந்தது. அதை அவருக்குப் படித்துக் காட்டும் வேலை எனக்கே விழுந்தது.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“அன்னிக்கு இந்தக் கோடு இல்லையே சார். நாந்தான் சரியாப் பாக்கலையோ?”

“பாத்திருக்க மாட்டீங்க” என்றேன்.

“அப்ப அவ போனது என்னாலதான்” என்றார். நான் மறுக்கவில்லை. சாகும்வரை அவர் அப்படியே நம்பினார்.