நைனா பெயர் எழுதிய டப்பா

என் அப்பாவின் பெயர் எழுதிய டப்பாவில் நான் வைத்துக் கொடுத்தது என்னுடைய மலம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் சொல்லாமலே முடித்துவிடுவேன்.

நம் சபையில் பலருக்கு இதில் பாதி தெரியும். அந்தப் பாதியைக் கேட்டு நீங்கள் கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னீர்கள். மீதிப் பாதியை இப்போது சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலையில், தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அப்பா தேவராஜும் அங்கேதான், உலைப் பக்கம். வீட்டில் அவரை நைனா என்று கூப்பிடுவோம். ஒவ்வொரு முறை இரும்பு உருகும்போதும் அதில் ஒரு துண்டை எடுத்து, எண் குத்தி எங்களிடம் அனுப்புவார்கள். ஓர் உருக்கின் துண்டை இன்னொன்றின் எண்ணில் சோதனைக்கு ஓட்டினால் வேலை போய்விடும். புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறவள் நான்தான்.

கடந்த ஜூன் மாதம் ஆலையில் மருத்துவ முகாம் வைத்தார்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஆளுக்கு ஒரு சின்ன டப்பா. மூடியோடு ஒட்டிய குச்சியால் மலத்தைக் கொஞ்சம் தொட்டு எடுத்து மூடிக் கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் கலந்திருந்தாலும் சோதனை காட்டிக்கொடுக்கும். ரத்தம் இருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, ஆனால் அடுத்து பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்று முகாமுக்கு வந்த நர்ஸ் சிஸ்டர் விளக்கினார். எங்கள் ஆலையில் அப்படி நாற்பத்தொரு பேர். பட்டியல் போட்டு வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பட்டியல் என்றால் எனக்குப் பிடிக்கும்.

நேரத்துக்குள் வாங்க, என் கையாலேயே பலகையில் எழுதிப் போட்டேன். ஒன்று, தண்ணீர் படக் கூடாது. இரண்டு, குச்சி நுனி அளவு போதும். மூன்று, பெண்கள் மாதவிலக்கு நாட்களில் எடுக்கக் கூடாது. நான்கு, டப்பா மேல் பெயரும் வயதும் எழுத வேண்டும். டப்பாவில் இருப்பது அந்தப் பெயருக்கு உரியவருடையதாக இருக்க வேண்டும் என்பதை எழுதவில்லை. அதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமைக்குள் நாற்பது டப்பா வந்துவிட்டது. வராதது நைனாவுடையது. உலையில் வேலை செய்யும் கோவிந்து அண்ணன் கேன்டீனில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"இன்னாம்மா, ஆல மொத்தமும் உன் பைக்கு வந்துடுச்சி. உங்க நைனாது எங்க? அவர் வயித்துல இன்னா தங்கமா கீது, குடுக்க மனசு வரலியா?"

"நாளைக்கு வந்துடும்ணா."

"பாத்துக்கோ. லிஸ்ட் போடறவ ஊட்லயே ஓட்ட கீது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாலை வீட்டுக்கு வந்ததும் டப்பாவை நைனா முன்னால் வைத்தேன்.

"குச்சி நுனி அளவுதான் நைனா."

"அதெல்லாம் எனக்கு வாணாம்மா. உலையாண்ட நிக்கிறவனுக்கு எல்லாம் சூடுதான். மோரு குடிச்சா செரியாப்பூடும்."

எது சரியாகும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. டிக் அடிக்காத அந்த ஒரு கட்டம்தான் என் கண்ணில் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை நானே அதைச் செய்தேன். எனக்கு மாதவிலக்கு நான்காம் நாள். முடிந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேவராஜ், ஐம்பத்து மூன்று என்று என் கையெழுத்தில் எழுதி, பையில் போட்டு, பட்டியலில் கடைசி டிக்கை அடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து நைனா கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். ரத்தம் இருக்கிறது, சென்னை மருத்துவமனைக்கு வரவும் என்று இருந்தது. அந்த ரத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே புரிந்தது. நைனா அதை இரண்டு முறை படித்தார். யார் கொடுத்த டப்பா என்று கேட்கவே இல்லை. கடிதத்தை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார். நான்தான் என்று தெரிந்துகொண்டு என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறார் என்று நினைத்து வெட்கத்தில் கூனிப்போனேன். ஆனாலும் வாய் திறக்கவில்லை. "ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் இதை முடித்துவிடும்" என்று நான்கு நாள் ஜெபம் செய்தேன். முழங்காலில் நின்று, அழுது, அதையேதான் கேட்டேன்.

ஞாயிறு ஆராதனையில் ஜெப விண்ணப்ப நோட்டை எழுதி வாசிப்பது என் வேலை. அன்று நைனா எழுந்து நின்றார். மேடைப் பக்கமே போகாத மனிதர்.

"நான் அந்த டப்பா குடுக்கவே இல்ல. கைல கூட தொடல. எட்டு மாசமா எனக்கு ரத்தம் போய்க்கினு கீது. சூடு, சூடுன்னு சொல்லிக்கினு ஊட்லகூட மறைச்சேன். நான் மறைச்சத ஆண்டவரு எடுத்துக் காட்டிட்டாரு. இல்லன்னா குடுக்காத டப்பாவுக்கு ரிசல்ட் எப்படி வரும்?"

அப்போதுதான் நீங்கள் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாஸ்டர் என் பக்கம் திரும்பி, "எழுதும்மா, நோட்ல எழுது" என்றார். தேவராஜ், அற்புதம் என்று எழுதினேன். என் கைதான் எழுதியது.

எட்டு மாதமாக ஒரே வீட்டில் இருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் வழக்கம்போல அந்த நோட்டில் நைனாவின் சுகத்துக்காக என்று வாசித்தேன். அவர் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்றோடு என் பயம் மாறிவிட்டது. அற்புதம் என்று நம்பித்தான் அவர் மருத்துவமனைக்குக் கிளம்ப இருந்தார். டப்பா என்னுடையது என்று தெரிந்தால், "அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல" என்று நின்றுவிடுவார். சொல்லாவிட்டாலோ, ஆண்டவர் பெயரில் என் பொய்யை நம்பிக்கொண்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை காலை நாஷ்டா முடித்து இருவரும் சென்னைக்கு ரயில் ஏறினோம். அவர் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து, அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. கவரைப்பேட்டை தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

"நைனா, அந்த டப்பா நான் குடுத்தது. என்னுது. எனக்கு அப்ப தூரம். அதான் ரத்தம் வந்துது."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பொன்னேரி வந்தது. எழுந்தார். வாசல் பக்கம் போனார்.

ஆண்டவரே, அவரை இறங்க விடாதேயும். இவ்வளவுதான் கேட்டேன். என்னை மன்னியும் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை.

ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நைனா கம்பியைப் பிடித்தபடி பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வண்டி நகர்ந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்கு மத்த நாள்ல ரத்தம் போவுதா?"

"இல்ல நைனா."

"நெசமா?"

"நெசமா இல்ல."

"செரி." பிறகு மெதுவாகச் சொன்னார். "டப்பாதான் பொய்யி. எனக்குப் போற ரத்தம் நெசம். வந்தது வந்தோம், பாத்துக்கினு போலாம்."

மீஞ்சூர் வந்தபோது இன்னொன்றும் சொன்னார். "ஒரு நம்பர் துண்ட வேற நம்பர்ல ஓட்டினா நீதான எங்கள கத்துவ?" அவர் என்னைத் திட்டியது அது ஒன்றுதான். இன்றுவரை காதில் இருக்கிறது.

குழாய் விட்டுப் பார்த்தபோது பெருங்குடலின் இடது பக்கம் கட்டி இருந்தது. புற்றுநோய்தான். ஆனால் குடல் சுவரைத் தாண்டவில்லை, வேறு எங்கும் பரவவில்லை. அறுவை சிகிச்சை செய்து அந்தப் பகுதியை எடுத்தார்கள். இப்போது நைனா வேலைக்குப் போகிறார், உலையை விட்டுத் தள்ளி, ஸ்டோரில். குறித்த நாளில் பரிசோதனைக்குப் போய்வருகிறார்.

முகாம் சிஸ்டரிடமும் போய்ச் சொன்னேன். "கண்ணுக்கே ரத்தம் தெரிஞ்சுதுன்னா டப்பாவுக்குக் காத்திருக்கவே கூடாதும்மா, நேரா டாக்டர்கிட்ட வந்திருக்கணும்" என்றார். பிறகு, "இந்த மாதிரி எத்தன டப்பா குடுத்த?" என்றார். ஒன்றுதான் என்றேன். "அத நான் எப்படி நம்பறது?" என்று கேட்டார். எல்லாருக்கும் புது டப்பா கொடுத்தார்கள். பட்டியல் போடும் வேலையை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். "உன்னால ரெண்டு தபா குந்த வேண்டியதாப்போச்சி" என்று கோவிந்து அண்ணன் இன்றும் சொல்கிறார். தலையைக் குனிந்துகொள்கிறேன். நானும் நாள் பார்த்து, என் பெயரில், என்னுடையதைக் கொடுத்தேன். ரத்தம் இல்லை என்று வந்தது. அப்பாவுக்கு இருந்ததால் மற்றவர்களை விட முன்னதாகவே நான் பரிசோதனையை ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

என் பொய்யை வைத்து ஆண்டவர் நைனாவைக் காப்பாற்றினார் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். என் பொய் ஆண்டவருக்குத் தேவையில்லை. முழங்காலில் நின்று நான்கு நாள் கேட்டதை அவர் கொடுக்கவில்லை. அதற்காகத்தான் இன்று அதிகமாக நன்றி சொல்கிறேன். ரயிலில் உட்கார்ந்தபடி ஒரே வரியில் கேட்டதைக் கொடுத்தார்.

உங்கள் கைக்கு அந்த டப்பா வந்தால் வெட்கப்படாமல் நீங்களே எடுத்துக் கொடுங்கள். ரத்தம் பார்த்திருந்தால் சூடு என்று சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள். இருப்பதை இருக்கிறபடி ஆண்டவர் முன் வையுங்கள். அவர் கைவிடமாட்டார். அப்படி வைக்காமல் மறைத்துத் திரிந்தவள் சொல்கிறேன், நம்புங்கள்.

போன வாரம் ஜெப நோட்டைப் புரட்டியபோது அந்தப் பக்கம் வந்தது. அற்புதம் என்ற சொல்லை அடித்துவிடட்டுமா என்று நைனாவைக் கேட்டேன்.

"அடிக்காத. பக்கத்துல நடந்தத எழுது" என்றார்.

நோட்டில் இடம் போதவில்லை. அதனால் இங்கே எழுதியிருக்கிறேன்.