ஆள் மாறிய நெஞ்சு

ஷார்ஜா தொழில்பேட்டையில் இருபத்திரண்டு வருஷமாக வெல்டிங் வேலை பார்க்கும் இஸ்ரவேலுக்குத் தெரியாத தில்லுமுல்லு கிடையாது. தொழிலாளர் கேம்பில் ஒருவன் தூங்கிப்போனால் இன்னொருவன் அவன் வருகைக் கார்டையும் சேர்த்துப் பஞ்ச் பண்ணிவிடுவான். எந்த போர்மேனும் கண்டுபிடித்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் மனுஷன் நெஞ்சு விஷயத்திலும் கைவைத்தார்.

இதயம் தளர்ந்துவிட்டது என்று போன வருஷமே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மார்பில் ஒட்டியிருக்கும் பட்டை ஒன்று, துடிப்பையும் உள்ளே கட்டுகிற நீரையும் அளந்து போன் வழியே அனுப்பும். துபாயில் உட்கார்ந்து அதைப் பார்ப்பவள் சுபிஷா, குளச்சல்காரி, நர்ஸ். நேரில் கண்டதில்லை, போனில் பேசுவாள், அவ்வளவுதான். வியாழக்கிழமை ஊருக்கு விமானம், அடுத்த திங்கள் மகள் ஷாஜினிக்குக் கல்யாணம். பட்டை நல்லபடி சொன்னால்தான் பறக்கலாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்தா ஊரிலிருந்து நெத்திலிக் கருவாடு வர வேண்டும்! உப்பு ஆகாது என்று தெரியும். நாக்கு கேட்டால்தானே? இரண்டு நாள் வெளுத்துக்கட்டினார். ஞாயிறு காலை பார்த்தால் கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. பயந்துபோய்ப் பட்டையைப் பிய்த்து, பக்கத்துக் கட்டில் ஆன்றோவின் மார்பில் ஒட்டிவிட்டார். ஆன்றோ கிரேன் ஓட்டுகிறவன், நோய்நொடி அறியாதவன்.

"மாமா, மாட்டுனா என்னையுமில்லா சேத்து ஏசுவாவ?"

"சும்மா கெடலே. நெஞ்சுல பேரா எழுதியிருக்கு?"

பத்து நிமிஷம் ஆகவில்லை, போன் அடித்தது. சுபிஷாதான்.

"மாமா, சொகந்தானா?"

"சொகந்தான் மக்களே."

"அது கெடக்கட்டு. இது யாருக்க நெஞ்சு?"

இஸ்ரவேல் ஆன்றோவின் மார்பைப் பார்த்தார்.

"உங்களுக்க நெஞ்சு எனக்குத் தெரியாதா? நாலு துடிப்பு ஒழுங்கா வரும், அஞ்சாவது முந்திக்கிட்டு வரும். ஒரு வருசமா தெனமும் பாக்கேன். இது நல்ல எளவட்ட நெஞ்சுல்லா?"

மாதாவே! கேம்பில் அவர் வெறும் நம்பர். ஒரே அறையில் படுக்கிற ஆன்றோவுக்கே தெரியாத அந்த ஐந்தாவது துடிப்பை, முகம் காணாத ஒரு பெண் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இஸ்ரவேல் பட்டையை எடுத்துத் தன் மார்பில் ஒட்டிக்கொண்டார், கருவாட்டையும் ஒப்புக்கொண்டார்.

"பிள்ளைக்க கல்யாணத்துக்குப் போவணும் மக்களே" என்று அழுதேவிட்டார்.

"இவ்வளவு நீரோட பிளைட் ஏறியிருந்தா, சவப்பொட்டியிலதான் எறங்கியிருப்பிய" என்றாள் அவள். உடனே டாக்டரிடம் கேட்டு நீர் மாத்திரையைக் கூட்டினாள். "உப்பு மாபி, கெடையவே கெடையாது. கருவாடு கலாஸ், முடிஞ்சு போச்சு. நாலு நாள் நான் சொல்லதக் கேளுங்க."

கேட்டார். புதன்கிழமை கால் வடிந்தது, டாக்டரும் சம்மதித்தார்.

திங்கள்கிழமை ஊர்க் கோயிலில் மணி முழங்க, மார்பில் பட்டையோடு ஷாஜினியைப் பார்த்தபடி நின்றவரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சுபிஷா எழுதியிருந்தாள்.

"மாமா, நெஞ்சு இப்பம் கெடந்து துள்ளுது. தாலி கெட்டியாச்சா?"