சபாபதியின் பாதி விசில்

சபாபதி இறந்த செய்தி நான் வேலையில் இருக்கும்போது வந்தது. சென்னையிலிருந்து அவருடைய தம்பி ஷிப்ட் ஆபீஸ் போனில் பேசினார். பக்கத்திலேயே சுரங்கத்து நிலக்கரி போகும் பெல்ட் ஓடிக்கொண்டிருந்ததால் "அண்ணன் போயிட்டார்" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. "இப்ப எந்த ஊருக்குங்க? சிங்கப்பூருக்கா?" என்று கேட்டேன். எப்போது பார்த்தாலும் எங்கேயாவது போய்க்கொண்டிருந்த மனிதர். நான் வேறென்ன நினைப்பேன்? தம்பி குரலை உயர்த்தி, "லண்டன்லயே முடிஞ்சுபோச்சுங்க. நெஞ்சுவலி" என்றார். போனை வைத்த பிறகும் என் கேள்வி எனக்கே திரும்பத் திரும்பக் கேட்டது. இப்ப எந்த ஊருக்கு?

"பக்கத்து வூட்டுல இருந்தவன் நீதானே, மன்ற மலருக்கு அவரப் பத்தி நீயே எழுது" என்று நம் மன்றத்து நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் தடவையில் தாண்டியவன் நான். இதுவரை எழுதியதெல்லாம் லீவு லெட்டர்கள்தான். அதிலும் பாதி பொய். இதில் பொய் இல்லை.

அவர் திருநெல்வேலிப் பக்கம், நான் குறிஞ்சிப்பாடி நெசவுக் குடும்பம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரே பிளாக்கில் ஒட்டினாற்போல் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அவர் வருகைக் கணக்கு வைக்கும் டைம் ஆபீஸில் கிளார்க், நான் பெல்ட்டில். முதல் ஷிப்டுக்கு இருட்டோடு சேர்ந்தே சைக்கிளில் போவோம். என்னைக் கூப்பிடுவதுதான் அவருக்குப் பெரும்பாடு. என் மனைவி தனலட்சுமி குள்ளஞ்சாவடிக்காரி. இருட்டில் யாராவது கூப்பிட்டால் முதல் குரலுக்கு வாயைத் திறக்கக் கூடாது, மூன்றாவது குரலுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அவள் சட்டம். பேய்க்குப் பொறுமை கிடையாதாம், மூன்றாவது முறை கூப்பிடாதாம். அதனால் சபாபதி தினமும் "மாப்ள, மாப்ள, மாப்ள" என்று தெருவில் நின்று ஏலம் போடுவார். பிளாக்கே எழுந்துவிடும், நான்தான் கடைசி.

ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை. "தங்கச்சி, நான் பேய் இல்ல. வேணும்னா வந்து என் காலப் பாத்துக்க."

"இந்த இருட்டுல காலு எங்கண்ணே தெரியுது?" என்றாள் தனம் உள்ளேயிருந்தே.

மறுநாள் அவர் கூப்பிடவில்லை. விசிலடித்தார். மேலே ஏறிப்போய் அந்தரத்தில் நின்றுவிட்ட ஒரு சின்ன மெட்டு. எனக்குப் பாட்டும் வராது, தாளமும் வராது. பள்ளியில் கடவுள் வாழ்த்துக்கே என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்வார்கள். ஆனாலும் அந்த மெட்டை அப்படியே தொங்கவிட மனசு வரவில்லை. பல்பொடி வாயோடு விசிலடித்து அதைக் கீழே இறக்கிவைத்தேன். தனம் கேட்டுவிட்டு, "இது சரி. பேய்க்கு மெட்டு தெரியாது" என்று தீர்ப்புச் சொன்னாள். அன்றிலிருந்து முதல் பாதி அவருடையது, பின்பாதி என்னுடையது.

மன்றத்தில் இசைத்தட்டுப் போடுவது அவர்தான் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். தட்டில் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் படித்துச் சொல்லாமல் முள்ளை வைக்கமாட்டார். "பாட்டப் போடுய்யா" என்று பின்னாலிருந்து கத்துவோம். "யாரு பாட்டுன்னு மொதல்ல சொல்லணும்லா" என்பார். ஒரு தட்டில் மெட்டுப் போட்டவர் பெயர் தப்பாக இருக்கிறது என்று பம்பாய் இசைத்தட்டுக் கம்பெனிக்கு எழுதி, அவர்களோடு ஓயாமல் சண்டை போட்டு, கடைசியில் அங்கேயே வேலைக்குப் போனார். பர்மனென்ட் ஆன வேலையை விட்டுவிட்டுப் போகிறாரே என்று பிளாக்கே தலையில் அடித்துக்கொண்டது. பம்பாய்க்குப் பிறகு சிங்கப்பூர், அப்புறம் லண்டன். முடிவில் பல நாட்டுப் பாட்டுகளுக்கும் பொறுப்பான பெரிய பதவி.

அவர் வேலையின் பெயர் 'மியூசிக் பப்ளிஷர்'. அப்படியென்றால் சினிமாக் கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகம் போடுபவர் என்று நினைத்து ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். லீவில் வந்தவரிடம், "அடுத்த தடவை ஒரு கட்டு எடுத்துட்டு வாங்க மச்சான்" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாட்டுங்கறது நம்ம குவார்ட்டர்ஸ் மாதிரி, மாப்ள. பாடுறவன் குடியிருக்கான், வீடு அவனுது இல்ல. இன்னொருத்தன் உள்ள வரணும்னா வீட்டுக்காரனக் கேக்கணும்லா? அந்தக் கேக்குற வேலைதான் என் வேலை."

கடைசியாக வந்தபோது டாக்சியில் நேரே எங்கள் வீட்டு வாசலில் இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒயர் நாற்காலியில் உட்கார்ந்தவர் டீயைத் தொடவில்லை. லண்டனில் லிப்டுக்குக் காத்திருக்கும்போது எங்கள் விசிலை அடித்தாராம். விளம்பரங்களுக்கு மெட்டுப் போடும் வெள்ளைக்காரர் ஒருவர் கேட்டுவிட்டு, ஒரு கடிகாரக் கம்பெனிக்கு அதுதான் வேண்டும் என்று பிடித்துக்கொண்டாராம்.

"என் பாதிக்கு நான் சரின்னுட்டேன். மறு பாதி உங்களுது, நீங்க சொல்லணும்" என்று ஒப்பந்தத்தை நீட்டினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஊர்ப்பட்ட பாட்டுக்கெல்லாம் உரியவன் பேரத் தேடிப் போட்டேன். என் பேர்ல ஒண்ணுகூட இல்ல மாப்ள. இது ஒண்ணுதான்" என்றார்.

நான் பேனாவைத் திறந்துவிட்டேன். என்னை இசையமைப்பாளர் என்றால் பெல்ட்டில் எவனாவது நம்புவானா என்பதுதான் அப்போது என் கவலை. காலேஜில் படிக்கும் என் மகள் அமுதா அந்த ஆங்கிலத்தைப் படித்துவிட்டு, "கையெழுத்துப் போட்டா இனிமே அத அவங்க எங்க வேணா போட்டுக்கலாம்பா" என்றாள்.

சமையலறை வாசலில் நின்ற தனம் கேட்டாள்: "ஏண்ணே, அப்ப அது ஊர் உலகம் பூரா கேக்குமா?"

"கேக்கும், தங்கச்சி."

"அப்புறம் வாசல்ல நின்னுகினு கூப்புடறது நீங்கதான்னு எங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

எத்தனையோ நாட்டு வக்கீல்களுக்குப் பதில் சொன்னவர், கையெழுத்தாகாத ஒப்பந்தத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆறிப்போன டீயைக் குடித்தார். மறுநாள் விடியுமுன் கிளம்பினார். தெருவிலிருந்து முதல் பாதி வந்தது. பின்பாதியைக் கொடுத்தேன். அதுதான் கடைசி.

போன வாரம் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இன்னும் விடியவில்லை. தெருவில் அந்த முதல் பாதி கேட்டது. ஏறி, அதே இடத்தில் போய் நின்றது. மைனாவாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? உலகத்தில் அந்த மெட்டு வேறு யார் கைக்கும் போகாமல் பார்த்துக்கொண்டதே நாங்கள்தானே. வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். முதல் குரல். தடுப்பாள் என்று தனத்தைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "மூணாவது வரைக்கும் நிக்க வெக்காதீங்க. தூரத்துலேர்ந்து வந்திருக்காரு" என்றாள்.

உதட்டைக் குவித்தேன். இடையில் முன்பல் இரண்டும் போய்விட்டதால் விசில் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. கதவைத் திறந்தேன். தெருவில் யாரும் இல்லை.

யாருடைய பாட்டு என்பதை முதலில் சொல்ல வேண்டும் என்பாரே, அதைக் கடைசியிலாவது சொல்லிவிடுகிறேன். இதை அச்சில் போடும் நண்பர்கள் இந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: அந்த விசிலின் முதல் பாதி சபாபதி போட்டது. பின்பாதி என்னிடம் இருக்கிறது. காற்றாகத்தான் வருகிறது. என்றாலும், அது கேட்கும்போதெல்லாம் முதல் குரலுக்கே கொடுத்துவிடுகிறேன்.