பின்சீட்டு பெல்ட்

பழைய கார் வாங்குகிறவர்களுக்காக அதைச் சோதித்துச் சொல்வதுதான் அப்துல் கஃபாரின் பிழைப்பு. சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் ஒரு பட்டறையின் மூலையில் இருபத்திரண்டு வருடம். பொய்யைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனிதர். விற்க வருகிற எவருடைய காரும் எங்கேயும் இடித்ததே இல்லை. சும்மா ஒரு கீறல், அவ்வளவுதான் என்பார்கள். பெயின்ட்டின் கனத்தை அளக்கும் கருவியைக் கதவில் வைத்ததும் அந்த முகங்கள் மாறும். “மீன்காரரையாவது ஒரு தடவ நம்புங்களேன்” என்று வீட்டில் மனைவி சம்சுன்னிசா நொந்துகொள்கிற அளவுக்கு அவருக்குச் சந்தேகம் முற்றிவிட்டது.

அன்று வந்த கார் சுப்பிரமணியத்தினுடையது. வாங்க வந்தவள் பவித்ரா, ஆறு மாதக் கர்ப்பிணி.

முழங்கால் வலியோடு குனிந்தார் கஃபார். இடது பின்கதவு புதிது. அதன் கீழே தகரத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். பின்சீட்டு பெல்ட்டுகளை அடிவரை இழுத்து, அச்சிட்டிருந்த தேதிகளைப் படித்தார். இடது பக்கத்து பெல்ட் மட்டும் காரைவிட மூன்று வருடம் இளையது. பெல்ட்டை யாரும் அழகுக்கு மாற்றுவதில்லை.

“சும்மா கீறல்தானே?” என்றார் எரிச்சலோடு. “இங்க யாரு உட்காந்திருந்தா?”

“என் மக, பாய். பெல்ட்ட வெட்டித்தான் வெளிய எடுத்தாங்க,” என்றார் சுப்பிரமணியம். “கீறல்னு நான் சொல்லலையே. எக்சிடன்ட்னு இவங்ககிட்ட போன்லயே சொல்லிட்டேன்.”

பவித்ரா தலையாட்டினாள். கஃபாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதுவரை வாயைத் திறக்காத மனிதரை அவராகவே பொய்யராக்கியிருந்தார்.

“இப்ப எப்படி இருக்கா?”

“நல்லா நடக்குறா. இந்தக் கார்ல மட்டும் ஏற மாட்டா. எங்க போனாலும் அவளும் அம்மாவும் பஸ்ல, நான் தனியா இதுல. இத வித்தாத்தான் வேற வாங்கி ஒண்ணா போக முடியும்.”

“டீலர்கிட்ட தள்ளிவிட வேண்டியதுதானே?”

“எக்சிடன்ட் ஆனத அவன் சொல்லாம வித்துடுவான் லா.”

கஃபார் காரை மேலே தூக்கி மறுபடி பார்த்தார். இந்த முறை அது தேறிவிட வேண்டுமே என்ற கவலையோடு பார்த்தார். காரின் அடிச்சட்டம் நேராக இருந்தது. பற்றவைப்பு சுத்தம். காற்றுப்பைகள் புதியவை. ‘பழைய பழுது: பெரியது. இப்போதைய நிலை: நன்று’ என்று பவித்ராவிடம் எழுதிக் கொடுத்தார்.

“தாராளமா வாங்கலாம்மா. என் மகளா இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.”

இத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. பவித்ரா முதல் வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை வயிற்றின் மேல் இருந்தது.

“சாரி அங்கிள். அந்த எடத்துல பேபி சீட் வைக்க மனசு வரல.”

அவளைக் குறை சொல்ல முடியாது. முதல் வரியைப் பார்த்துப் பயப்பட ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர் கஃபார்தானே. அவள் போனதும் சுப்பிரமணியத்தின் போன் அடித்தது. “வித்தாச்சாப்பா?” என்ற குரல் கஃபாருக்கும் கேட்டது.

“இன்னும் இல்லம்மா.”

“அடுத்த ஆள் வரட்டும். நானே எடுத்துச் சொல்றேன்,” என்றார் கஃபார்.

“திரும்பிப் போறதுல இவங்க நாலாவது ஆளு, பாய்,” என்று சாவிக்குக் கை நீட்டினார் சுப்பிரமணியம்.