ஒரு படி தவிட்டுக்காக அதிராம்பட்டினம் வரை

போன தை மாதம் பதினெட்டு நாள் ஊருக்குப் போய் வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரே ஒரு கையெழுத்து வாங்கப் போனேன். காகிதம் தேடி ஊருக்குப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பதால், போன வழி, ஆன செலவு, பட்ட பாடு எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

கனடாவில் மகள் தவமணி வீட்டில் ஏழு வருஷமாக இருக்கிறேன். அவள் இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். விசாவை நீட்டி நீட்டித்தான் காலம் ஓடியது. இந்த முறை நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்துவிட்டது. குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் அந்த அழைப்பு வரும். வந்த நாளிலிருந்து அறுபது நாள் கெடு. விட்டால் மறுபடியும் குலுக்கல். எனக்கு எழுபத்து நான்கு வயது. விசா முடிந்தால் திரும்பிப் போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

நான்தான் தவமணியைப் பெற்றவள் என்பதற்கு அவளுடைய பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். அவள் பாஸ்போர்ட் எடுத்த காலத்தில் பள்ளிச் சான்றிதழே போதுமாக இருந்தது. அதனால் அந்தக் காகிதத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சொந்தக்காரர் ஒருவர் நீடாமங்கலத்தில் நகல் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினார்.

"அம்மா, இதுல தாயார் பேரு சுலைகா பீவின்னு இருக்கு!"

"ஆமா. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

தவமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

நடந்தது இதுதான். எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே மூன்று மைல். கழக ஆட்சி வந்த புதிது. வயல் பக்கமெல்லாம் செங்கொடிச் சங்கம். என் வீட்டுக்காரர் ராமையன் சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள். அந்தத் தை அறுவடையில் கூலியோடு அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். மிராசுதார் மறுத்து வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் தள்ளுமுள்ளு. போலீஸ் வந்து பதினொரு பேரைப் பிடித்துக்கொண்டு போனது. அதில் இவரும் ஒருவர். மறுநாள் காலை மிராசுதாரின் காரியக்காரர் எங்கள் குடிசை வாசலில் வந்து நின்றார். "சாயங்காலத்துக்குள்ள எடத்தக் காலி பண்ணு" என்றார். மனை மிராசுதாருடையது. எங்களுடையது என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

எனக்கு நிறைமாதம். முதல் இரண்டு பிள்ளைகளும் நாற்பது நாள்கூடத் தங்கவில்லை. கோரையாற்றங்கரை வழியாக நீடாமங்கலத்துக்கு நடந்தேன். அங்கே அரிசி மண்டி வைத்திருந்த ராவுத்தர் வீட்டில்தான் முன்பு நெல் அவித்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி சுலைகா பீவி. அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். ராத்தா ஒன்றும் கேட்கவில்லை. மண்டிக்குப் பின்னால் சாக்கு விரித்தார். மூன்றாம் நாள் தவமணி பிறந்தாள்.

பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததை இன்னொருத்திக்குத் தவிட்டுக்குக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். அதன் பிறகு அது அவள் பிள்ளை. பெற்றவளே வைத்து வளர்த்தாலும் வாயால் 'என் பிள்ளை' என்று சொல்லக் கூடாது. ராத்தா ஒரு படி தவிடு அளந்து என் மடியில் கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். காரியக்காரர் எங்களுக்கு நெல் அளக்கும்போது படியைத் தலை தட்டித்தான் அளப்பார். ராத்தா கோபுரமாகக் குவித்து அளந்தார். பத்தாம் நாள் பிறப்பு எழுத ஆள் வந்து, "தாய் பேரு?" என்று கேட்டான். "சுலைகா பீவி" என்று ராத்தா சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்; தகப்பன் பெயரை மட்டும் உள்ளபடி ராமையன் என்று சொன்னேன். மறுத்தால் பிள்ளை போய்விடும் என்று நான் நம்பினேன். பிள்ளை தங்கினாள்.

டி.என்.ஏ. பரிசோதனை செய்தும் நிரூபிக்கலாம் என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். எச்சிலைத் துடைத்துக் கொடுத்துத்தான் நான் தாய் என்று காட்ட வேண்டுமா? ஊரில் ஆள் இருக்கிறது, வாய் இருக்கிறது. அழைப்பு வந்த ஏழாம் நாள் விமானம் ஏறினேன்.

நடுவில் ஒரு விமானம் மாறி, திருச்சிக்கு இருபத்து மூன்று மணி நேரம். அங்கிருந்து தஞ்சாவூர் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். டாக்சிக்கு ஆயிரத்து எண்ணூறு, ஒன்றேகால் மணி நேரம். ரயிலடிக்குப் பக்கத்தில் அறை, நாளுக்கு ஆயிரத்து நானூறு. வெந்நீர் காலை ஏழு மணி வரைதான். முழங்கால் வலிக்காரர்கள் முதலிலேயே சொல்லிக் கீழ்த்தளத்தில் அறை வாங்குங்கள்.

மறுநாள் காலை எட்டேகால் பாசஞ்சரில் நீடாமங்கலம். டிக்கெட் பத்து ரூபாய், முக்கால் மணி நேரம். ஜன்னலில் இருபுறமும் சம்பா முற்றித் தலை சாய்ந்து நின்றது. அறுவடை இயந்திரங்கள் வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. குனிந்து அறுக்கிற ஒரு முதுகைக்கூட நான் பார்க்கவில்லை. நல்லதுதான், அந்த முதுகுவலி எனக்குத் தெரியும். ஆனால் அறுத்த தாளின் வாசம் உள்ளே வந்தபோது, கையில் அரிவாள் இல்லையே என்று விரல்கள் தேடின.

பதிவு அலுவலகத்தில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா ராமையன், அம்மா சுலைகா பீவி. கலப்புத் திருமணமா பாட்டி? அந்தக் காலத்துல அதுக்கு சர்க்கார்ல தங்க மெடலே குடுத்திருப்பாங்களே!"

"எங்க வீட்டுக்காரரு இருந்து இதக் கேட்டிருந்தா ரெண்டு நாள் சோறு எறங்கியிருக்காதும்மா" என்றேன். பக்கத்து மேஜைக்காரரும் சிரித்துவிட்டார்.

கதையைச் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டாள்.

"அந்தம்மா உசுரோட இருக்காங்களா?"

"இருக்காங்க. அதிராம்பட்டினத்துல, மகன் வீட்டுல."

"அப்ப அவங்ககிட்டயே நோட்டரி முன்னாடி எழுதி வாங்கிட்டு வாங்க. அது இல்லாம தாய் பேரை மாத்த முடியாது பாட்டி."

மகளின் பள்ளிச் சான்றிதழும் என் ரேஷன் கார்டும் கூடவே வேண்டும் என்றாள். இரண்டும் கையில் இருந்தன. வெளியே வந்தால் ரயில்வே கேட் மூடியிருந்தது. நீடாமங்கலம் கேட்டை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்கள் எந்த வேலைக்கும் அரை மணி நேரம் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். அன்று முப்பத்தைந்து நிமிடம்.

அங்கிருந்து மன்னார்குடிக்கு டவுன் பஸ், பதினான்கு கிலோமீட்டர். பெண்களுக்குக் காசு கிடையாது. பழக்கமில்லாமல் இருபது ரூபாயை நீட்டினேன். கண்டக்டர் என் காலில் இருந்த பனிக்காலத்து ஷூவைப் பார்த்தார்.

"எங்கேருந்தும்மா வர்றீங்க?"

"கனடாலேருந்து."

"அங்கேருந்து ஏறியிருந்தாலும் ஒங்களுக்கு டிக்கெட் கெடயாது. உள்ள வச்சிக்கிட்டு உக்காருங்க."

மன்னார்குடியிலிருந்து பட்டுக்கோட்டை ஒன்றேகால் மணி நேரம். பட்டுக்கோட்டையிலிருந்து அதிராம்பட்டினம் பன்னிரண்டு கிலோமீட்டர். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. பிள்ளையைக் கொடுத்த கையால் திருப்பிக் கேட்கப் போகிறேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ராத்தா முன்னால் 'என் மகள்' என்று நான் சொன்னதே இல்லை. 'ஒங்க மக பத்தாவது பாஸ் பண்ணிட்டா ராத்தா', 'ஒங்க மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கோம் ராத்தா' என்றுதான் சொல்லுவேன்.

ராத்தாவின் மகன் யூசுப் வெளிநாட்டில் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். "வாங்க சாச்சி" என்று சின்னம்மா முறை சொல்லிப் பையை வாங்கிக்கொண்டார். ராத்தா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். எண்பத்திரண்டு வயது. கண் மங்கியிருந்தது. வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"வாடி அஞ்சலை. கனடாக்காரி ஆயிட்டே, எளச்சிருப்பேன்னு பார்த்தா ஊதிப்போயிட்டியே. எந்தவிடு எப்புடி இருக்கா?"

தவமணியை அவர் தவிடு என்றுதான் கூப்பிடுவார். நலம் என்றேன். வட்டிலப்பம் வந்தது, தேநீர் வந்தது. அதற்குப் பிறகு வந்த காரியத்தைச் சொன்னேன். ராத்தா தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அப்ப புள்ளையத் திருப்பிக் கேக்க வந்திருக்கே."

"காகிதத்துல மட்டுந்தான் ராத்தா."

"காகிதத்துலதானேடி அவ எம்புள்ளை? மத்ததெல்லாம் ஒன்கிட்டதானே இருக்கு?"

யூசுப், "உம்மா, பாவம், எவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காங்க" என்றார்.

"நீ சும்மா இரு" என்று அவரை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நான் சும்மாவா வாங்குனேன்? ஒரு படி தவிடு குடுத்து வாங்குனேன். கொண்டு வந்து அள. கையெழுத்துப் போடுறேன். சும்மா திருப்பிக் குடுத்தா புள்ளைக்கு ஆவாது."

அவர் விளையாடவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

தவிட்டைத் தேடி ஆட்டோ ஏறினேன். போக வர நூற்றைம்பது ரூபாய். முதலில் போனது பெரிய மில். தவிடெல்லாம் எண்ணெய் எடுக்க லாரியில் போய்விடுமாம், சில்லறையாகத் தரமாட்டார்களாம். ஆட்டோக்காரர் விடவில்லை. வீட்டு நெல் அரைக்கிற சின்ன மில் ஒன்று பட்டுக்கோட்டை சாலையில் இருக்கிறது என்று திருப்பினார்.

"எத்தனை மூட்டை வேணும்?" என்றார் மில்காரர்.

"ஒரு படி."

"ஒரு படிய வச்சி எந்த மாட்டுக்குப் பத்தும்?"

"மாட்டுக்கு இல்லீங்க. பொண்ணுக்கு."

அவர் ஆட்டோக்காரரைப் பார்த்தார். ஆட்டோக்காரர் கையை விரித்தார். கதையைச் சொன்னதும் மில்காரர் முகம் மாறியது. "எங்க பெரியப்பா பேரே தவிட்டுசாமிங்க" என்றார். அப்போதுதான் அரைத்து விழுந்த தவிட்டைச் சூடாக ஒரு பையில் அள்ளிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

திரும்பி வந்தபோது ராத்தா அந்தப் பழைய இரும்புப் படியைத் தேடி எடுக்கச் சொல்லி மடியில் வைத்திருந்தார். யூசுப் நோட்டரியை வீட்டுக்கே வரவழைத்திருந்தார். நான் குவித்து அளந்தேன், எனக்கு அளந்த மாதிரியே. ராத்தா விரலால் தவிட்டைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

நோட்டரி எழுதியதை வாசித்தார். "மேற்படி குழந்தை எனக்குப் பிறந்ததல்ல, அதன் தாய் நான் அல்ல..."

"அத அடிங்க தம்பி" என்றார் ராத்தா. "நான் இல்லைன்னு எழுதாதீங்க. இவ பெத்தான்னு எழுதுங்க. அது போதாதா சர்க்காருக்கு?"

நோட்டரி கொஞ்சம் யோசித்து, போதும் என்றார். 'மேற்படி தவமணியைப் பெற்றவர் ராமையன் மனைவி அஞ்சலை. அவள் பிறந்தபோது நான் உடனிருந்தேன்' என்று மாற்றி எழுதினார். ராத்தா எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டு முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. அதன் பிறகு படியை எடுத்தார். பாதித் தவிட்டைத் தன் முந்தானையில் கொட்டிக்கொண்டார். மீதியைப் படியோடு என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு அரைப்படி போதும். மீதி அரைக்கு அவ எம்புள்ளையாவே இருந்துட்டுப் போறா."

அரைப்படி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்துவிட்டது. அந்த அரைப்படிக்காகத்தான் உள்ளே போய், தவமணிக்கு ஐந்து மாதம் ஆன பிறகு வந்து முகம் பார்த்தார். அதற்குப் பிறகு கூலி கூடியது. குடியிருந்த மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்தது. பட்டா கேட்டு எங்கள் தெருவே மனு போட்டது. ஐந்தாம் வகுப்பு படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் முப்பத்திரண்டு வீட்டு மனுவையும் நானே எழுதினேன். 'எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய்? இருந்ததற்கு அத்தாட்சி என்ன?' இங்கே கனடாக்காரன் கேட்கிற அதே கேள்விகள்தான். தவமணி திகைத்தாள், நான் திகைக்கவில்லை. இது எனக்கு இரண்டாவது விண்ணப்பம்.

முத்திரைத்தாள், தட்டச்சு, நோட்டரி எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய். மறுநாளே நீடாமங்கலத்தில் கொடுத்தேன். பதிமூன்றாம் நாள் திருத்திய சான்றிதழ் வந்தது. கெடு முடிய முப்பத்தெட்டு நாள் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. எல்லாவற்றிலும் ஐந்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்குப் பத்து மணிக்கே போய்விடுங்கள். அங்கே கோபப்படாதீர்கள், கதையைச் சொல்லுங்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் உயிரோடு இருக்கும்போதே போங்கள். காரியம் முடிந்ததும் எழுந்துவிடாமல் அவர்களோடு ஒரு நாள் கூட இருங்கள். நான் நீடாமங்கலத்தில் காகிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து மூன்று நாள் இருந்தேன். மிச்சத் தவிடு பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போனது.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் தவமணி அதிராம்பட்டினத்துக்குப் போன் போடுகிறாள். எடுத்ததும் ராத்தா கேட்கிறார்:

"யாரு, எம்பாதியா பேசுறே?"

"ஆமா உம்மா" என்கிறாள் என் மகள்.