பன்னிரண்டாம் குழாயில் களிம்பு

நான் வேலை பார்க்கிற உல்லாசக் கப்பலில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் கோப்பையில் இன்னொருவர் வாய் வைத்துக் குடிக்கிறார்கள். ஆறு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் கண் பழகவில்லை. எட்டாம் தளத்தில் பன்னிரண்டு குழாய்கள் வைத்த பீர் பார்தான் என் இடம். பெரிய ஆலைகளின் சரக்கு அங்கே கிடையாது. சின்னச் சின்ன ஆலைகளில் கொஞ்சமாகக் காய்ச்சி, விதவிதமாக மணமேற்றி விற்கிறார்களே, கிராஃப்ட் பீர், அது மட்டும்தான். அதைத் தேடி வருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வாய் குடித்ததும் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கோப்பையை நீட்டுவார்கள். அவர் குடித்துவிட்டுத் தன்னுடையதை நீட்டுவார். பெயர்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்து என்னிடமும் நீட்டுவார்கள், "நீயும் ஒரு வாய் பார்" என்று. "வேலை நேரத்தில் கூடாது" என்று சிரித்துக்கொண்டே ஒரு எட்டு பின்னால் போய்விடுவேன். சட்டதிட்டத்துக்குப் பயந்த நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டு தாராளமாக டிப்ஸ் வைத்துவிட்டுப் போவார்கள்.

எச்சில் என்கிற ஒன்றை அவர்களுக்கு எப்படி விளக்க? பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் செம்பில் வாய் பட்டால் அம்மா செம்பையும் கழுவுவாள், பட்ட வாயையும் நாலு வார்த்தையால் கழுவுவாள். அண்ணாந்து குடிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். நான் ஓடுகிற பேருந்தில் நின்றுகொண்டே ஒரு சொட்டு சிந்தாமல் அண்ணாந்து குடிப்பேன். இத்தனைக்கும் நாங்கள் நாலு தலைமுறை வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். எச்சில் பார்க்கச் சொல்லி வேதத்தில் ஒரு வரியும் இல்லை. ஊரிடமிருந்து கற்றுக்கொண்டு, அதையும் வசனம்போல மனப்பாடம் செய்துகொண்டோம்.

வேதக்காரர்கள் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதுவைத் தொட மாட்டேன் என்று பன்னிரண்டு வயதில் ஞாயிறு பள்ளியில் அட்டை ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். அப்பா அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அப்பா கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். கேட்டரிங் படித்துவிட்டு நான் கப்பலேறியபோது சாப்பாட்டுக் கூடத்தில்தான் வேலை என்றார்கள். மூன்றாம் மாதமே பாருக்கு மாற்றிவிட்டார்கள். போனில் சொன்னேன். கோர்ட்டில் பழகிய அப்பாவின் புத்தி ஒரு சந்து கண்டுபிடித்தது.

"மோந்து பாரு. வாயில வச்சும் பாரு. ஆனா துப்பிரு. முழுங்குனாத்தான்ட்டி குடி."

அப்படியே செய்தேன். எனக்கென்று தனிக் கோப்பை, பக்கத்தில் துப்ப ஒரு வாளி. பீரை விழுங்கினால்தான் தெரியும், அதன் கசப்பு அடித்தொண்டையில் இருக்கிறது என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் மூக்கு பொல்லாத மூக்கு. நாரத்தை இலையைக் கசக்கின வாசனை, கருக வறுத்த காப்பிக்கொட்டை, புளித்த நீராகாரம், எண்ணெய்ச் சிக்கு எல்லாவற்றையும் பிரித்துவிடுவேன். ஒரு பீப்பாய் கெட்டிருந்தால் திறந்த உடனே சொல்லிவிடுவேன், ஒரு தடவையும் தப்பியதில்லை. பானப் பிரிவு மேலாளர் டெரெக் இதைக் கவனித்து, நாலாவது வருடம் என்னைத் தேர்வு மேசையில் உட்கார வைத்தார். அடுத்த பருவத்துக்குப் பன்னிரண்டு குழாய்களிலும் எந்த பீர் வரலாம், எது கூடாது என்று ஐந்து பேர் முடிவு செய்கிற மேசை. அதில் ஒருத்தர் வேண்டாம் என்றால் அந்தச் சரக்கு கப்பலேறாது. தட்டு தூக்க வந்த பாளையங்கோட்டைக்காரியின் 'வேண்டாம்' அங்கே செல்லுபடியானது. எனக்கு அந்த நாற்காலியைவிடப் பெரிய சொத்து கிடையாது. கப்பலில் தட்டு தூக்குகிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இது புரியும்.

போன பருவத்தில் கம்பெனிக்கு ஒரு ஆசை வந்தது. கடல் தண்ணீரைக் கப்பலிலேயே நன்னீராக்கி, அதில் கப்பலிலேயே பீர் காய்ச்சி, கப்பலின் பெயரிலேயே விற்பது. பன்னிரண்டாம் குழாய் அதற்கென்று ஒதுக்கப்பட்டது. முதல் தொட்டி பக்குவமான அன்று தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்திருந்தார்கள். தேர்வு மேசைக்குக் கொண்டுவராமல், தொட்டி இருக்கிற அந்தக் குறுகலான அறைக்கே எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். காய்ச்சியவர் ஒரே ஒரு கோப்பையில் பிடித்து, தான் ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறி, ஐந்து வாய் பட்டு, விளிம்பெல்லாம் ஈரமாக என் கைக்கு வந்தது. வேறு கோப்பை இல்லை. என் வாளி மேலே பாரில் இருந்தது. கேமரா என் முகத்துக்கு நேரே.

வாய் வைக்க மனம் வரவில்லை. கை தானாகக் கோப்பையைத் தூக்கியது, கழுத்து தானாகப் பின்னால் சாய்ந்தது. அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். நம் ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அண்ணாந்து ஊற்றினால் தொண்டை தானே திறந்துகொள்ளும், வாயில் நிறுத்தித் துப்ப முடியாது. நுரை மூக்கில் ஏற, கண்ணை இறுக மூடினேன். அதற்குள் எல்லாம் உள்ளே போய்விட்டது. எச்சிலுக்குப் பயந்து சத்தியத்தை விட்டுவிட்டேன். இந்தத் தப்பை எங்கள் ஊர்க்காரி மட்டும்தான் செய்ய முடியும்.

விழுங்கிய பிறகுதான் அது வந்தது. வாசனையில் ஒரு குறையும் இல்லை, நாக்கிலும் இல்லை. அடித்தொண்டையில் கசப்பு இறங்கி முடிந்த இடத்தில், மெதுவாக, களிம்பு. ஈயம் போன பித்தளைப் பாத்திரத்தில் மோரை ஊற்றிவைத்தால் வருமே, அதே களிம்பு. எனக்கு இரண்டு விதமாகக் கோபம் வந்தது. ஆறு வருடமாகப் பாதி ருசியை வைத்துக்கொண்டு முழுதும் தெரிந்தவள்போல உட்கார்ந்திருந்தேனே என்று என் மேலேயே கோபம். நல்ல சரக்கை இப்படிக் கெடுத்துவிட்டார்களே என்று அவர்கள் மேல் கோபம். "இதை ஊற்றக் கூடாது. எங்கேயோ ஒரு இணைப்பில் பித்தளை திறந்து கிடக்கிறது. நான் வேண்டாம் என்கிறேன்" என்று தெளிவாகத்தான் சொன்னேன். யாருக்குக் கேட்டது? எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். "இன்னொரு தடவை, இன்னொரு தடவை!" என்று கத்தினார்கள். உதடு படாமல் குடித்த அதிசயத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்த உதடு என்ன சொல்லியது என்பது ஒரு பொருட்டே இல்லை.

மறுநாள் அது காணொளியாக வெளிவந்தது. நான் அண்ணாந்து ஊற்றுகிறேன், கண்ணை மூடுகிறேன். அத்தோடு முடிகிறது. நுரை மூக்கிலேறித் திணறியவள் படத்தில் சொக்கிப்போனவள்போல இருக்கிறேன். 'வேண்டாம்' என்றதை வெட்டி எறிந்துவிட்டார்கள். எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் பார்த்துச் சிரித்துப் பகிர்ந்துகொண்டார்கள். டெரெக் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். குழாய்க்கு மேலே என் படம் வருமாம், கீழே 'எங்கள் இந்திய ருசியாளரின் முதல் விருப்பம்' என்று எழுதுவார்களாம். சாயங்காலம்தோறும் விருந்தினர் முன்னால் நான் அப்படி ஊற்றிக் காட்ட வேண்டுமாம்.

"எனக்கு இது பிடிக்கவில்லை என்று அன்றைக்கே சொன்னேனே" என்றேன்.

"படம் எடுத்தது பிடிக்கவில்லையா? அடுத்த தடவை நல்ல வெளிச்சத்தில் எடுக்கச் சொல்கிறேன்."

"பீர் பிடிக்கவில்லை. உலோகம் கலந்திருக்கிறது."

டெரெக் அன்பாகத்தான் சிரித்தார். "கூச்சப்படாதே. நீ அன்றைக்கு ரொம்ப அழகாகச் செய்தாய்."

அந்த அன்பை இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருக்கலாம். நான் கையெழுத்துப் போடவில்லை, விடுமுறை முடிந்து வந்து சொல்கிறேன் என்று ஊருக்குக் கிளம்பினேன்.

எனக்கு முன்னால் காணொளி ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் பெட்டியை இறக்கும்போதே அம்மா, "எல்லாருக்க போன்லயும் நீதாம்ட்டி" என்றாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிரயாணம் எப்படி என்று கேட்கவில்லை.

"முழுங்குனியா?"

"முழுங்குனேம்ப்பா."

"பைய பேசு, பக்கத்து வீட்ல எஸ்தர் இருக்கா. கமிட்டில கேக்காவ. ஒரு தாள்ல நாலு வரி எழுதிக் குடு. வாயில வச்சேன், பொறவு துப்பிட்டேன்னு. அத்தோட முடிஞ்சிரும்."

"துப்பலையே."

"துப்பலைன்னு உனக்குத்தான தெரியும்? வீடியோல இல்லல்லா?"

எனக்குத் தாங்கவில்லை. "அங்கன ஒருத்தன் நல்லாருக்குன்னு எழுதிக் குடுங்கான். இங்கன நீங்க துப்புனேன்னு எழுதச் சொல்லுதீங்க. என் நாக்கு என்ன சொல்லிச்சுன்னு ஒருத்தருக்காவது கேக்கணும்னு தோணிச்சா?" என்று கத்திவிட்டேன். பையப் பேசவில்லை. எஸ்தர் அத்தைக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மா அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தணித்துக் கேட்டாள். "எப்படிட்டி இருந்துச்சு?"

"களிம்பேறுன மோரு மாதிரி."

"அந்தச் சவத்த மனுசன் குடிப்பானா?" என்றாள் அம்மா. ஒரு பீர் பாரையும் எட்டிப் பார்க்காத என் அம்மாவுக்கு ஒரு சொல்லில் புரிந்துவிட்டது. நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கமிட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் நெஞ்சு ஆறாது. அப்பாவிடம் கடிதம் கேட்டவர்களில் முன்னால் நின்றவர், போன விடுமுறையில் விமான நிலையக் கடையில் நல்ல பாட்டிலாக ஒன்று வாங்கி வரும்படி என்னிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டவர். முழங்கால் வலிக்குத் தேய்க்கவாம். வாங்கியும் கொடுத்தேன். இப்போது அந்த முழங்காலோடுதான் எங்கள் வீட்டுப் படியேறி வந்து, "பிள்ளைய ஒரு வரி எழுதச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு எழுத்தும் எழுதவில்லை. டெரெக்குக்கும் கையெழுத்துப் போட முடியாது என்று அன்றைக்கே மெயில் அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. விடுமுறை முடிந்ததும் நீச்சல்குளத்துப் பாரில் சேர வேண்டும், தேர்வு மேசைக்கு வேறு ஆள் போட்டாயிற்று. அதே வாரம் கூட வேலை செய்கிற மரிஸ்ஸா செய்தி அனுப்பினாள். விருந்தினர்கள் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டுப் போகிறார்களாம். பன்னிரண்டாம் குழாயை இரண்டு நாள் நிறுத்தி, தொட்டிக்கடியில் இருந்த ஒரு பித்தளை இணைப்பை மாற்றினார்களாம். என் பெயரை யாரும் எடுக்கவில்லை என்றும் எழுதியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் திருவிருந்து, அப்பமும் ரசமும் வாங்குகிற ஆராதனை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியில் பெண்கள் இடப்பக்கமும் ஆண்கள் வலப்பக்கமுமாக முழங்காலிட்டோம். எனக்கு முன்னால் அம்மா, எனக்கு அடுத்து எஸ்தர் அத்தை. நான் பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று நெற்றியைத் தொட்டு ஜெபித்து அனுப்பியவள் அவள். ஐயர், எங்கள் பக்கம் சபை குருவை அப்படித்தான் சொல்வோம், திராட்சை ரசக் கிண்ணத்தோடு வந்தார். சபை முழுவதற்கும் ஒரே கிண்ணம். யார் வாய் வைத்துக் குடித்தாலும் அங்கே எச்சில் இல்லை, நானும் பதினைந்து வயதிலிருந்து அப்படித்தான் வாங்கியிருக்கிறேன். அம்மா குடித்தாள். நான் விளிம்பில் வாய் வைத்துக் குடித்தேன், விழுங்கினேன். ஐயர் துணியால் துடைத்துவிட்டு எஸ்தர் அத்தையிடம் நீட்டினார். அத்தை உதட்டை இறுக்கி, தலையைக் குனிந்துகொண்டாள். ஐயர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அடுத்தவளிடம் போனார். அவளும் குனிந்துகொண்டாள். அதற்கடுத்தவளும். பெண்கள் வரிசை முடிகிற வரைக்கும் கிண்ணம் ஒரு வாயிலும் படவில்லை.

ஆண்கள் வரிசையில் முதலில் அப்பா. ஐயர் நீட்டிய கிண்ணத்தை அப்பா இரண்டு கையாலும் பிடித்தார். தலையைக் குனியவில்லை. சட்டைப்பையிலிருந்து தன் கைக்குட்டையை எடுத்து, ஐயர் ஏற்கெனவே துடைத்திருந்த விளிம்பை இன்னொரு முறை சுற்றிலும் துடைத்தார். பிறகு குடித்தார்.