k-யின் மதிப்பு மூன்று

ஸ்கூடாயில் பழைய மடிக்கணினி வாங்குவது பெரிய காரியமில்லை. பல்கலைக்கழகத்தில் படிப்பு முடிகிற மாதங்களில், ஊருக்குப் போகிற மாணவர்கள் கட்டில், மின்விசிறி, சோறாக்கும் சட்டி எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். நான் வாங்கிய மடிக்கணினியும் அப்படி வந்ததுதான். அதை விற்றவர் தன் படங்களை அழித்திருந்தார், கணக்குப் போடும் மென்பொருளை மட்டும் அழிக்க மறந்திருந்தார். சார்பைக் கொடுத்தால் வகையிட்டுத் தரும், வரைபடம் போட்டுக் காட்டும். எனக்கு வயது நாற்பத்து நான்கு. கெலாங் பாத்தா பக்கம் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். சார்பு என்றால் என்னவென்று அதுவரை எனக்குத் தெரியாது.

தெரியாது என்று சொல்வது எனக்கு வராத சொல். வழி கேட்டால் தெரியாத ஊருக்கும் வழி சொல்லி அனுப்புகிற ஆள் நான். அந்தப் புத்திதான் என்னைத் தனியாக உட்கார வைத்தது. நான்கு வருடத்துக்கு முன் வேலை போனபோது வீட்டில் சொல்லவில்லை. இரண்டு மாதம் தினமும் காலையில் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் மோட்டார் சைக்கிளை வைத்துவிட்டு, மாலைவரை அங்கேயே சுற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சொல்லித்தான் என் மனைவிக்குத் தெரிந்தது.

“வேல போனதுக்கு இல்ல,” என்றாள் அவள். “ரெண்டு மாசம் டிபன் கட்டிக் குடுத்தேனே, அதுக்குத்தான் தாங்கல.”

மகளைக் கூட்டிக்கொண்டு மெர்சிங்கில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். பிறகு அங்கேயே வேலை தேடிக்கொண்டாள். நான் ஸ்கூடாயில் கடைவீட்டு மாடியில் ஓர் அறை எடுத்தேன். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவாள். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா, சாப்பிட்டேன், சரிப்பா. ஒரு நிமிடம்கூட ஆகாது. அவளைக் குறை சொல்ல முடியாது. என்னோடு பேச அவளிடம் என்ன இருக்கிறது?

அவள் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்துக்குப் போன வருடம், ஒரு நாள் சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. ஆட் மேத்ஸ் என்கிற கூடுதல் கணிதப் பாடப் புத்தகத்தின் ஒரு பக்கம். ஒரு கேள்வியைச் சுற்றி பென்சிலால் வட்டம். கீழே, “அப்பா, இது தெரியுமா?”

“தெரியுமே” என்று உடனே எழுதி அனுப்பினேன். பிறகுதான் கேள்வியைப் படித்தேன்.

அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து, மடிக்கணினியில் இருந்த மென்பொருளைத் திறந்தேன். அது சரியான பிடிவாதக்காரப் பிறவி. ஐந்து x என்று பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் ஏற்காது, நடுவில் நட்சத்திரக் குறி போட்டுப் பெருக்கல் என்று சொல்ல வேண்டும். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் சிவப்பில் ஏதோ திட்டும். வளைகோட்டை வரையச் சொன்னேன், வெறும் கட்டம் வந்தது. கணினி கெட்டுவிட்டது என்று அதன் முதுகில் தட்டினேன். கோடு என்னவோ வரைந்துதான் இருந்தது. நான் கொடுத்த கட்டத்துக்கு மேலே, ஐம்பதுக்கும் அப்பால் போய் நின்றிருந்தது. எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை காட்ட வேண்டும் என்பதையும் நாம்தான் சொல்லித் தொலைக்க வேண்டும்.

முக்கால் மணி நேரம் கழித்து விடையை அனுப்பினேன். “வாவ்ப்பா” என்று வந்தது. அந்த ஒரு சொல்லை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று, நான்கு நாள் கேள்வி வரும். காலை ஷிப்ட் முடிந்து நான்கு மணிக்கு அறைக்கு வருவேன். குளித்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஐந்தரை வாக்கில், டியூஷன் முடிந்து அவள் படம் அனுப்புவாள். அனுப்பாத நாட்களில் நானே ஏதாவது சார்பைக் கொடுத்து வரைந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வளைகோடு ஏறுகிற இடத்தில் சாய்வு கூட்டலில் வரும், இறங்குகிற இடத்தில் கழித்தலில் வரும், உச்சியில் சாய்வு பூச்சியம். இதைச் சொல்லிக்கொள்ள அறையில் ஆளில்லை. ஒரு தடவை கீழே முடிவெட்டும் கடைக்காரரிடம் சொன்னேன். “காது பக்கம் எவ்வளோ எடுக்கட்டும்ணே?” என்று கேட்டார்.

கணினியை நான் அணைப்பதே இல்லை. அதன் விசிறி ஓடுகிற சத்தம் அறையில் யாரோ இருப்பது போலிருக்கும். மூடியை மட்டும் பாதி சாத்திவிட்டு வேலைக்குப் போவேன். அதுதான் வினையாகப் போனது.

மகள் சில நாட்களில் செய்முறையும் கேட்பாள். எங்கள் ஊர்ப் பள்ளிகளில் அதற்கு மலாயில் ஜாலான் கெர்ஜா என்று பெயர். விடை மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடையாது, வரிவரியாக எப்படி வந்தோம் என்று காட்ட வேண்டும். மென்பொருள் விடையை மட்டும்தான் தரும். வரிகளுக்கு நான் எங்கே போவேன்?

“அப்பா, ஜாலான் கெர்ஜா அனுப்புங்கலா.”

“அத நீயே போட்டுப் பாரு. அப்பா போட்டுக் குடுத்தா மூள எப்படி வளரும்?”

“அலமாக்!” என்று எழுதி, கண்ணை உருட்டுகிற பொம்மை ஒன்றும் அனுப்புவாள். நான் தப்பித்துவிட்டதாக நினைத்துச் சிரிப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்த கேள்வி இதுதான்: y = kx² − 8x + 1 என்ற வளைகோட்டின் சாய்வைக் கண்டுபிடி. தட்டினேன். 6x − 8 என்று வந்தது. அனுப்பினேன்.

“k எங்கப்பா?” என்று கேட்டாள்.

எனக்கும் அதே கேள்விதான். திரும்பத் தட்டினேன், அதே 6x − 8. k எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியல என்று எழுதியிருக்கலாம், ஒரே ஒரு சொல்தான். ஆறு வர வேண்டுமானால் k மூன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் கணக்குப் போட முடிந்தது. அதனால் இப்படி எழுதினேன்: “k-யோட மதிப்பு மூணு. இந்த மாதிரிக் கேள்வியில எப்பவும் மூணுதான். புக்குல போட மாட்டாங்க, நாமதான் தெரிஞ்சு வெச்சிருக்கணும்.”

“ஓ. ஓகேப்பா.”

வெள்ளிக்கிழமை மதிய உணவு நேரத்தில் என் மனைவியிடமிருந்து செய்தி வந்தது. அவள் எனக்கு எழுதியே மாதங்கள் ஆகியிருந்தன. “நேத்து கிளாஸ்ல டீச்சர்கிட்ட எழுந்து நின்னு, k மூணுதான், எங்க அப்பா சொன்னாங்கன்னு வாதாடியிருக்கா. எல்லாரும் சிரிச்சிருக்காங்க. வந்ததுலேர்ந்து ரூம விட்டு வெளிய வரல. என்கிட்ட செஞ்சது போதும். இனிமே அவளுக்கு எதுவும் அனுப்பாதீங்க.”

கோழிக்குழம்பும் சோறும் அப்படியே இருந்தன. மூடிவைத்துவிட்டு ஃபோர்க்லிஃப்டில் ஏறினேன். அன்றைக்கு இரண்டு பலகை அடுக்குகளைத் தப்பான வரிசையில் வைத்து, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அறைக்கு வந்ததும் கோபத்தில் கணினியை முழுசாக அணைத்தேன். பிறகு மனம் கேட்காமல் திரும்பப் போட்டு, அதே கேள்வியைத் தட்டினேன். 2kx − 8 என்று வந்தது.

ஒரு மணி நேரம் துழாவியதில் விஷயம் புரிந்தது. திங்கட்கிழமைக் கேள்வியில் k-யின் மதிப்பு 3 என்றே கொடுத்திருந்தார்கள். நான் அதை உள்ளே போட்டிருந்தேன். அந்த மென்பொருள் ஓர் எழுத்துக்கு மதிப்பு கொடுத்தால், அழிக்கச் சொல்கிறவரை, அல்லது மூடுகிறவரை மறக்காது. செவ்வாய்க்கிழமை k-யைக் கண்டதும், கேட்காமலே மூன்றைப் போட்டுவிட்டது. அதன் மேல் தப்பே இல்லை. நான் கொடுத்ததைத்தான் அது வைத்திருந்தது. எப்பவும் மூணுதான் என்று கதை கட்டியது நான்.

மூன்று வாரம் கேள்வி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அவள் எடுக்கவில்லை. ஐந்தரை மணிக்கு ஒரு தடவை கைப்பேசியைப் பார்ப்பேன். பார்க்கக் கூடாது என்று கட்டிலில் கவிழ்த்துப் போடுவேன். மறுபடி எடுப்பேன். இனி அவள் என்னிடம் எதுவுமே கேட்கப் போவதில்லை என்று பயம் வந்தது. வேலை போனபோதுகூட அப்படிப் பயந்ததில்லை.

அந்த மூன்று வாரமும் நான் கையால் கணக்குப் போட்டேன். ஒரு பள்ளி நோட்டு வாங்கி, அவள் அதுவரை அனுப்பிய கேள்விகளை எல்லாம் முதலிலிருந்து எடுத்தேன். அடுக்கைக் கீழே இறக்கிப் பெருக்கு, அடுக்கில் ஒன்றைக் குறை. வரிவரியாக எழுதி, கடைசியில் மட்டும் மென்பொருளில் தட்டிச் சரிபார்த்தேன். பாதி தப்பாக வந்தது. அழித்து அழித்துத் தாள் ஓட்டையானது. கெட்டவார்த்தைகளும் நிறைய வந்தன, கேட்க ஆளில்லாததால் பரவாயில்லை. மூன்றாவது வாரக் கடைசியில் முப்பத்தொரு கேள்விக்கும் ஜாலான் கெர்ஜா இருந்தது.

மனைவிக்கு எழுதினேன்: “அவகிட்ட ஒரு விஷயம் நேர்ல ஒத்துக்கணும். பத்து நிமிஷம் போதும்.” அன்றைக்கு முழுவதும் பதில் இல்லை. மறுநாள் காலை, “சனிக்கிழமை பதினொரு மணி. படகுத்துறை பக்கம் மாமாக் சாப்பாட்டுக் கடை. நானே கொண்டுவந்து விடறேன்” என்று வந்தது.

கோத்தா திங்கி வழியாக மோட்டார் சைக்கிளில் போனேன். இரண்டரை மணி நேரம், நோட்டு சட்டைக்குள். மனைவி காரிலிருந்து இறங்கவில்லை. மகள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். வளர்ந்திருந்தாள். குடிக்க ஐஸ் லிமாவ் இரண்டு சொன்னேன்.

“k மூணுன்னு அப்பா சொன்னது பொய்,” என்றேன். “எனக்குத் தெரியல. இத்தன நாளா அனுப்பினதும் நான் போட்டது இல்ல. கம்ப்யூட்டர்ல தட்டி, வந்தத அனுப்பினேன். எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா.”

நோட்டை அவள் பக்கம் தள்ளினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஓட்டையான பக்கத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இது நீங்களே போட்டதா?”

“ஆமா.”

பையிலிருந்து பேனா எடுத்தாள். “இங்க மைனஸ் விட்டுட்டீங்கப்பா. அடுத்த வரியில சரியா வந்திருச்சு, ஆனா ஒரு புள்ளி போயிரும்.” மைனஸைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் திருப்பினாள். ஐந்தாறு பக்கம் அப்படிப் பார்த்தாள்.

“இனிமே ஜாலான் கெர்ஜாவோடயே அனுப்பறேன்,” என்றேன். “விடைய மட்டும் அனுப்ப மாட்டேன்.”

“விடையெல்லாம் எனக்கு வேணாம்ப்பா. அது புக்கு கடைசியிலயே இருக்கு.”

“எல்லாத்துக்குமா?”

“எல்லாத்துக்கும்.”

“அந்த k கேள்விக்குமா?”

“ஆமா. 2kx − 8-ன்னு போட்டிருந்துச்சு. அன்னிக்கே பாத்தேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “சரியான விடையப் பாத்துட்டுமா டீச்சர்கிட்ட போயி சண்ட போட்ட?”

அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“நீங்க மூணுன்னு சொன்னீங்கல்ல. புக்குலதான் தப்பா போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்.”

குத்திக்காட்டச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். நான் அழுதேன். அந்தக் கடையில், மீன் மூட்டை இறக்கிவிட்டு வந்த நாலு பேர் பார்க்க அழுதேன்.